எழுபத்திரண்டு மூலப்படங்கள்

முதல் வகுப்பில் ரகோத்தமன் ஒரே ஒரு பாடம்தான் நடத்துவார்.

"கண்ணை நம்பாதீங்க. திரையை நம்புங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில், குடியிருப்பின் பொதுக்கூடத்தில் வகுப்பு. இருபது பேர் வருவார்கள். எல்லோர் கையிலும் போன் மட்டும். பெரிய கேமராவோடு வருபவர்களை அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

"போன் லென்ஸ் ஒரு பட்டாணி அளவு. அதுக்குள்ள எவ்வளவு வெளிச்சம் போகும்? அதனால போன் ஒரு படம் எடுக்கிறதில்லை. நீங்க ஒரு தடவை அழுத்தினா பன்னிரண்டு மூலப்படம் எடுக்குது. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்க்குது. எது ஒத்துப்போகுதோ அதை வெச்சுக்குது. மத்ததை அழுக்குன்னு தள்ளிடுது. மிச்சம் இருக்கிறதுதான் நீங்க பார்க்கிற படம்."

"அப்ப அது நெஜமா சார்?" என்று கேட்டார் வரதராஜுலு. ஓய்வுபெற்ற பொறியாளர்.

"உங்க மூக்கு நாள் பூரா உங்க கண்ணுக்கு முன்னாடிதான் இருக்கு. தெரியுதா உங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். வரதராஜுலு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

குடியிருப்பில் நானூறு வீடுகள். ரகோத்தமன் சங்கச் செயலாளர். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் ஒரு குறை வந்தது. குழந்தைகளின் பிறந்தநாள் படங்களில் பின்னால் யாராவது வாளியோடு போகிறார்கள். நீச்சல் குளத்தில் எடுத்தால் காவலாளி நிற்கிறார். ரகோத்தமன்தான் வழி சொன்னார். போனில் ஏற்கெனவே இருந்த வசதி அது. 'தெளிவு' என்று பெயர். வேண்டாத முகங்களைச் சொல்லிவிட்டால் போன் அவர்களை எடுக்காது. எடுத்த பிறகு அழிப்பதல்ல. திரையிலேயே வரமாட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டுமோ அது வரும்.

வேலைக்கு வரும் நூற்றுப் பன்னிரண்டு பேரின் முகங்களை அவரே பதிந்தார். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பட்டியல் எல்லா வீடுகளின் போன்களுக்கும் போனது. பொதுக் கேமராக்களுக்கும் போனது.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று ஒரு பெண் மட்டும் கேட்டார்.

"அவங்க முகத்தை இனிமே யாரும் தப்பா பயன்படுத்த முடியாது. அவங்களுக்கும் இது பாதுகாப்புதான் மேடம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

*

போகிக்கு முன்தினம் அவர் மனைவி சுகந்தி பெங்களூருவில் மகள் வீட்டில் இருந்தாள். அன்று வீட்டு வேலை முடித்துக் கிளம்பிய பூங்காவனத்தை ரகோத்தமன் நிறுத்தினார்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வரணும்."

"ஏழு மணிக்கு மின்ன கேட்ல வுடமாட்டாங்க சார்."

"அடித்தளத்து கதவுகிட்ட நில்லு. நான் வந்து திறக்கிறேன்."

ஏழு மணிக்கு முன் வேலையாட்களுக்கு அனுமதி இல்லை என்ற விதியை எழுதியவர் அவர்தான்.

ஒரு போட்டி இருந்தது. தலைப்பு: காலை. போனில் எடுத்த படங்கள் மட்டும். மூன்று வருடங்களாக அனுப்புகிறார், மூன்று வருடங்களும் இறுதிப் பத்துக்குள் வந்து, அதோடு நின்றுவிட்டார். போகியன்று புகை ஏரிமேல் படுக்கும். சூரியன் அதற்குள்ளிருந்து எழும். வருடத்தில் ஒருநாள், பத்து நிமிடம். பதினான்காம் மாடியில் அவர் வீட்டின் பெரிய கண்ணாடியிலிருந்து பார்த்தால் ஏரி முழுதும் தெரியும். ஏரியை ஒட்டித்தான் கட்டடம். சுவருக்கு அந்தப் பக்கம் நீர். பக்கத்து ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடம் மறைக்கும். பெரிய கண்ணாடி திறக்காது. அதன் வெளிப்புறம் முழுக்கக் கறை.

பூங்காவனம் ஆறேகாலுக்கு வந்தாள். மஞ்சள் சேலை. சமையலறைக் கதவுக்கு வெளியே செருப்பை விட்டாள். தலையில் ஒரு கிளிப், மயில் வடிவம், நீலக் கற்கள்.

"பொண்ணோடுது சார். நேத்து சாயந்தரம்தான் வாங்குனா, பொங்கலுக்கு வெச்சுக்கணும்னு. அவ எய்ந்துக்கறதுக்குள்ள எடுத்துனு வந்துட்டேன். வூட்டுக்குப் போனா இன்னிக்கு எனக்கு இருக்கு."

ரகோத்தமன் போனுக்கான முக்காலியின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிய ஏறி நின்னு துடை. ஏசி வைக்கிற சிலாப் இருக்கு பாரு. கம்பியைப் பிடிச்சுக்கோ."

அவள் பக்கத்து ஜன்னல் வழியாகக் காலை வெளியே வைத்தாள். சிலாப் ஓரடி அகலம்.

"சார், கம்பி ஆடுது சார்."

"எல்லாக் கம்பியும் ஆடும். மேல் மூலையில ஒரு கறை. அதை முதல்ல எடு."

"புறா வேலை சார் அது. சம்பளம் குடுத்து அதையே தொடைக்கச் சொல்லணும்." அவள் சிரித்தாள். வாளியைச் சிலாப்பில் வைத்துக்கொண்டு துடைத்தாள். கீழே எங்கோ பிள்ளைகள் போகி மேளம் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். "சார், என்னை ஒரு போட்டோ எடுங்க சார். மேடம் குடுத்த போன் ஒரு வருசமா வூட்ல கீது. ஒரு போட்டோல கூட நான் வுயமாட்டேன்றேன். என் பொண்ணு, உனக்கு மூஞ்சியே இல்லம்மான்னு சிரிக்குது."

"எடுக்கலாம். முதல்ல துடை."

"நெஜமாவா சார்?"

"எடுக்கலாம்னு சொன்னேனே. முடிஞ்சதும் சமையலறை வழியா போயிடு. என்னைக் கூப்பிடாதே."

அவர் வெளிச்சத்தம் மறைக்கும் இயர்போனை மாட்டிக்கொண்டார். மேளம் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது. போனை முக்காலியில் பொருத்தினார். திரையில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். ஏரி, புகை, நீரின் நடுவில் ஆகாயத்தாமரைத் திட்டு. வேறு எதுவுமில்லை.

ஆறு நாற்பதுக்குச் சூரியன் எழ ஆரம்பித்தது. அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல்முறை அழுத்தினார். வெளிச்சம் போதவில்லை. இன்னொரு முறை. இன்னொரு முறை. புகை மெல்ல விலகியது. நான்கு. ஐந்து. சூரியன் புகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

ஆறாவது முறை அழுத்தியதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இதுதான்.

படத்தை விரித்துப் பார்த்தார். பிறகுதான் தலையைத் தூக்கினார். கண்ணாடிக்கு வெளியே யாருமில்லை. மேல் மூலைக் கறையில் பாதி அப்படியே இருந்தது. திரையில் அது தெரிந்திருக்கவில்லை. வாளி சிலாப்பில் இருந்தது.

"வாளியைக்கூட எடுத்து வெக்காம போயிட்டா" என்று சொல்லிக்கொண்டு அதை உள்ளே எடுத்து வைத்தார்.

*

காணும் பொங்கலன்று பூங்காவனம் ஏரியில் மிதந்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் மகிமைராஜ் வந்தார். எல்லா வீடுகளுக்கும் போவதாகச் சொன்னார். சுகந்தி பெங்களூருவிலிருந்து திரும்பியிருந்தாள். அழுதுகொண்டே காபி போட்டாள்.

"புருசன் தேசிங்கு. தண்ணி கேன் போடுறவன். போகிக்கு முந்தின ராத்திரி ரெண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். தெருவே கேட்டிருக்கு. பிடிச்சு வெச்சிருக்கோம்."

"எப்படி..." என்றார் ரகோத்தமன்.

"தலையில அடி. இடுப்பு, விலா எல்லாம் நொறுங்கியிருக்கு. கல்லால அடிச்சு ஏரியில தள்ளியிருக்கான். அவன் என்ன சொல்றான்னா, காலையில அஞ்சரைக்கு இங்க வேலைக்குன்னு கெளம்பிப் போனாளாம். அன்னிக்கு வந்தாங்களா சார்?"

ரகோத்தமன் அடித்தளத்துக் கதவை நினைத்தார். கூட்டத்தில் யார் யார் எழுந்து கேட்பார்கள் என்று நினைத்தார். அப்போது அவர் நினைத்தது அவ்வளவுதான்.

"வரலை."

"கேமராலயும் இல்ல."

"கேமராவுல அவங்க விழ மாட்டாங்க சார். எங்க ஏற்பாடு அப்படி."

"கேள்விப்பட்டேன். கேட் பதிவேட்டுலயும் இல்ல. ஏழு மணிக்கு முன்னாடி வேலைக்காரங்களை நீங்க உள்ள விடறதே இல்லையாமே?"

"விடறதில்லை. விதி இருக்கு."

"யார் போட்டது?"

"நான்தான்."

"நல்ல விதி" என்று எழுதிக்கொண்டார் மகிமைராஜ். "இல்லன்னா இப்ப நானூறு வீட்டையும் நான் சந்தேகப்பட வேண்டியிருக்கும்." காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். "சமையலறைப் பக்கமா ஒரு லிஃப்ட் இருக்கே, அதுல போகலாமா? முன்பக்கம் ஒரே கூட்டம்."

சமையலறைக் கதவைத் திறந்துவிட்டார் ரகோத்தமன். வெளியே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு இருந்தது. இடதுகால் வாரில் ஊக்கு குத்தியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் தாண்டிப் போனார்.

லிஃப்ட் கதவு மூடியது. ரகோத்தமன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை ஒரு பையில் போட்டு, எட்டாம் மாடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். குனிந்தபோதே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததாக அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று மாலை போட்டிக்குழுவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. படம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. உண்மைத்தன்மையைச் சரிபார்க்க மூலப்படங்கள் சிலவற்றை அனுப்பவும். போனில் அவை முப்பது நாள் இருக்கும். பிறகு தானாக அழியும். ஆறு முறை அழுத்தியதற்கு எழுபத்திரண்டு. அவற்றைத் திறந்து பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை. அவருக்கும் இல்லை.

அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் திறந்தார்.

முதல் பன்னிரண்டில் பூங்காவனம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. இடது கை கம்பியில், வலது கையில் துணி.

பதின்மூன்றிலிருந்து இருபத்திநான்கு வரை அவள் போனைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முக்காலியில் தன்னை நோக்கி நிற்கும் போனை. அவள் முகத்தில் ஒரு கேள்வி.

இருபத்தைந்திலிருந்து அவள் சிரித்தாள்.

முப்பத்தொன்றில் அவள் நேராக நின்றிருந்தாள். பின்னால் புகையும் ஆரஞ்சு வெளிச்சமும். ஈரத்துணியைத் தோளில் போட்டிருந்தாள். முகத்தைக் கொஞ்சம் தூக்கியிருந்தாள், படம் எடுக்கும்போது எல்லோரும் தூக்குவதுபோல. முகத்தில் விழுந்த முடியை வலது கையால் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்பதில் இடது பக்கத்து முடியும் விழுந்திருந்தது. அதை ஒதுக்க இடது கையைக் கம்பியிலிருந்து எடுத்திருந்தாள்.

ஐம்பத்தொன்றில் வாய் திறந்திருந்தது. சிரிப்பு இன்னும் முழுதாகப் போயிருக்கவில்லை.

ஐம்பத்து மூன்றில் ஒரு கை மட்டும்.

ஐம்பத்து நான்கிலிருந்து ஏரி.

கடைசிப் பன்னிரண்டும் தெளிவாக இருந்தன. ஒரு குறையும் இல்லை. அவர் அவற்றை மட்டும் போட்டிக்குழுவுக்கு அனுப்பினார்.

*

பத்து நாள் கழித்துப் பூங்காவனத்தின் மகள் ரித்திகா வந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"பதினாறாம் நாள் காரியம் சார். போஸ்டர் அடிக்கணும். அம்மா போட்டோ ஒண்ணு இல்ல."

"ஆதார்ல இருக்குமே?" என்றாள் சுகந்தி.

"யாரோ மாதிரி இருக்கு மேடம். பெருசு பண்ணா உடையுது." அவள் போனை நீட்டினாள். சுகந்தியின் பழைய போன். "இதுல அறுநூறு போட்டோ இருக்கு சார். ஒண்ணுல கூட அம்மா இல்ல. பாருங்க, இது என் பொறந்தநாள். நான் கேக் வெட்டுறேன். அப்பா இந்தப் பக்கம். அம்மா இந்தப் பக்கம்தான் நின்னாங்க."

அந்தப் பக்கம் சுவர் இருந்தது. ரித்திகாவின் தோளில் துணி கொஞ்சம் அமுங்கியிருந்தது. ஒரு கை வைத்ததுபோல.

ரகோத்தமனுக்குக் காரணம் புரிய ஒரு நொடிதான் ஆனது. போனைக் கொடுத்தபோது கணக்கை மாற்றவில்லை. சேமிக்க இடம் இலவசமாகக் கிடைக்கட்டும் என்று தன் குடும்பக் கணக்கிலேயே விட்டிருந்தார். பட்டியலும் கூடவே போயிருக்கிறது. மூன்றாவது தெருவில் ஒற்றை அறை வீட்டுக்குள் போய், பூங்காவனத்தை அவள் வீட்டிலிருந்தே நீக்கியிருக்கிறது.

"போன் ரிப்பேரா சார்?"

"பழைய போன்மா. அப்படித்தான்."

"உங்ககிட்ட ஏதாவது இருக்குமா சார்? ஒண்ணே ஒண்ணு. மூணு வருசமா வந்தாங்களே."

"இவருக்கு முடியாததா" என்றாள் சுகந்தி. "எங்கயாவது ஒண்ணு இருக்கும். செஞ்சு குடுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்த முப்பத்தொன்றாவது முகத்தைப் பத்து நாளாக அவர் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கவாட்டு வெளிச்சம். கன்னத்தில் நீர்த்துளி. கேமராவை முழுதாக நம்பும் கண்கள். இருபது வருடத்தில் அவர் எடுத்த முகங்களில் அதற்குப் பக்கத்தில் வர ஒன்றுமில்லை. யாரிடமாவது காட்ட வேண்டும் என்று இருந்தது.

"ரெண்டு நாள் கழிச்சு வா" என்றார்.

கவனமாகச் செய்தார். ஏரியையும் புகையையும் எடுத்துவிட்டு இளநீலப் பின்புலம் வைத்தார். கண்ணாடியில் பட்ட பிரதிபலிப்பை எடுத்தார். தோளிலிருந்த துணியை எடுத்தார். மஞ்சள் சேலையைப் பச்சையாக்கினார். அன்றைய காலையைச் சேர்ந்தது எதுவும் மிச்சமில்லை என்று மூன்று முறை பார்த்தார். பிறகு நல்ல தாளில் அச்சிட்டார்.

ரித்திகா தாளை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"சிரிக்குது" என்றாள்.

"நல்லா வந்திருக்கு இல்ல?" என்றாள் சுகந்தி.

"அம்மாகிட்ட பச்சைச் சேலை கெடையாது சார்."

"அது... போஸ்டர்ல எடுப்பா தெரியறதுக்காக நான்தான் மாத்தினேன்."

"பரவால்ல சார். நல்லாத்தான் இருக்கு." அவள் விரல் தாளின் மேல் மெல்லப் போனது. நெற்றி, காது, முடி. அங்கே நின்றது. "எப்ப எடுத்தது சார்?"

"போன ஆடி மாசம்னு நினைக்கிறேன்."

ரித்திகா தலையை ஆட்டினாள். தாளைச் சுருட்டவில்லை. மடியாமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு போனாள். வாசலில் ஒரு முறை திரும்பி அவரைப் பார்த்தாள். நன்றி சொல்லவில்லை. அதை அவர் வருத்தம் என்று எடுத்துக்கொண்டார்.

*

பிப்ரவரி பத்தாம் தேதி மகிமைராஜ் போன் செய்தார்.

"சார், அந்தப் பூங்காவனம் பொண்ணுக்கு ஒரு படம் செஞ்சு குடுத்தீங்களா?"

"ஆமா சார். போஸ்டருக்கு."

"அதை எடுத்துக்கிட்டு ரெண்டு வாரமா ஸ்டேஷனே கதின்னு உக்கார்ந்திருக்கு. அம்மா தலையில ஒரு மயில் கிளிப் இருக்காம். அது போகிக்கு முந்தின நாள் சாயந்தரம் வாங்கினதாம். கடை ரசீது வெச்சிருக்கு, தேதியோட. காலையில எழுந்து பார்த்தா கிளிப்பைக் காணோமாம். அதனால இந்தப் படம் போகி அன்னிக்குக் காலையில எடுத்ததுன்னு சொல்லுது. எங்கப்பாவை விடுங்கன்னு சொல்லுது."

ரகோத்தமன் கணினித் திரையில் அந்தப் படத்தைத் திறந்தார். மயில். நீலக் கற்கள். மூன்று முறை பார்த்திருந்தார். அது அவர் கண்ணில் படவே இல்லை.

"உடல்ல கிளிப் இருந்ததா சார்?"

"இல்ல. ஏரிக்குள்ள எங்க தேடறது? சரி, பொண்ணு அழுவுதேன்னு படத்தைச் சரிபார்ப்பு மெஷின்ல போட்டேன். பின்புலம் போலி. சேலை நிறம் போலி. தோள் போலி. கடைசியில மெஷின் என்ன எழுதிக் குடுத்திருக்கு தெரியுமா? 'பெண்ணுருவம் பின்னர் சேர்க்கப்பட்டது.' அதைக் காட்டினா, மெஷினுக்கு எங்கம்மாவைத் தெரியாது சார்ங்குது." அவர் பெருமூச்சு விட்டார். "நீதிமன்றத்துல இதெல்லாம் நிக்காது. மூலப்படம் இருந்தா வேற கதை. ஒரு மணி நேரத்துல அவனை வெளிய விட்டுடலாம். அதான் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு. மூலம் இருக்கா சார்?"

போன் மேசைமேல் இருந்தது. அதில் இன்னும் இரண்டு நாளைக்கு எழுபத்திரண்டு இருந்தன.

"இல்ல சார்."

"அப்ப கிளிப்?"

"நான்தான் போட்டேன். வயசுப் பொண்ணு, பார்த்தா சந்தோஷப்படும்னு. அது மாதிரி ஆயிரம் படம் ஆப்லயே இருக்கு."

"நெனச்சேன்." மகிமைராஜ் சிரித்தார். "உங்க நல்ல மனசு சார். ஆனா இந்த மாதிரி ஆளுங்களுக்கு இனிமே செய்யாதீங்க. எதையாவது பிடிச்சுத் தொங்கிக்கிட்டே இருப்பாங்க."

பன்னிரண்டாம் தேதி போனில் ஓர் அறிவிப்பு வந்தது. 'முப்பது நாட்கள் முடிகின்றன. மூலப்படங்களை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இங்கே தொடவும்.' அவர் அதைப் பார்த்தார். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை எச்சிலாக இருந்தது. தொடவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு. நடுவர்கள் எழுதியிருந்தார்கள்: இவ்வளவு தனிமையான ஒரு காலையை நாங்கள் பார்த்ததில்லை. குடியிருப்பு வாசலில் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். வரதராஜுலு அதன் முன் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"அருமை சார். ஒரு தூசு கூட இல்ல."

*

வீட்டு வேலைக்கு யாரும் நிலைக்கவில்லை. இரண்டு பேர் வந்து நின்றுபோனார்கள். ஒரு சனிக்கிழமை காலை சுகந்தி அறைக்கு வந்து சொன்னாள்.

"ரித்திகா வந்திருக்கா. காலேஜை விட்டுட்டாளாம். அவங்க அப்பாவுக்கு ஜாமீன் கிடைக்கல. அம்மா செஞ்ச வேலையை நான் செய்யறேன்னு நிக்கறா."

"வேற வீட்டுல கேக்கச் சொல்லேன்."

"நம்ம வீடுதான் வேணுமாம். தெரிஞ்ச இடம்கறா. பாவம். ஒரு நன்றி இருக்கு பாருங்க அந்தப் பொண்ணுகிட்ட. வாங்க, முகத்தைப் பதிஞ்சுடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வரட்டும்."

அவர் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். ரித்திகா பெரிய கண்ணாடி முன் நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். அவள் ஏரியைப் பார்க்கவில்லை. கண்ணாடியின் மேல் மூலையைப் பார்த்தாள். பிறகு பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கீழே, வெளியே, ஓரடி அகலச் சிலாப்பைப் பார்த்தாள். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளியே யாரு சார் தொடைப்பாங்க?"

"ஆள் வருவாங்க" என்றார்.

"இந்த மூலையில ஒரு கறை இருக்கு. யாரோ பாதி தொடைச்சு வுட்ட மாதிரி."

சுகந்தி சமையலறையில் பாத்திரம் எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

"இந்தப் பக்கம் திரும்பு" என்றார் ரகோத்தமன். "பதியணும். நேரா பாரு."

அவள் திரும்பினாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் ஏரி. காலை வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தது. அவர் போனைத் தூக்கினார். திரையில் அவள் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது.

"இடப்பக்கம்."

திரும்பினாள்.

"வலப்பக்கம்."

திரும்பினாள். முடி முகத்தில் விழுந்தது.

"மறுபடி நேரா."

அவள் நேராகப் பார்த்தாள். அவரை அல்ல, லென்ஸை. முகத்தைக் கொஞ்சம் தூக்கினாள். வலது கையை எடுத்து முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். சிரிக்கவில்லை. அப்படியே நின்றாள், அவர் பார்க்கட்டும் என்பதுபோல.

'சேர்க்கப்பட்டது' என்று எழுத்து வந்தது. வட்டம் மறைந்தது. வட்டத்துக்குள் இருந்ததும் மறைந்தது. திரையில் ஜன்னலும் ஏரியும் இருந்தன. ஏரிமேல் ஒரு நாரை பறந்துபோனது.

"முடிஞ்சுதா சார்?" என்றது குரல்.

அது எங்கிருந்து வருகிறது என்று திரையில் தெரியவில்லை. போனைக் கீழே இறக்கினால் தெரியும்.

அவர் இறக்கவில்லை.